தொப்பி போட்ட நோயாளிகள்

அபுதாபி வல்லூறு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் மனிதர்கள் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். நடு இடம் நோயாளிகளுக்கு. முழங்கால் உயரத்தில் நீளமான தாங்கிகள், மேலே பச்சை நிறச் செயற்கைப் புல். அதில் ஒன்றன் சிறகு இன்னொன்றின் மேல் படாத இடைவெளியில் வல்லூறுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் கண்ணை மூடிய தோல் தொப்பி, காலில் வார். வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று எல்லா நிறத்திலும் இருக்கின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. குளிர்சாதனத்தின் இரைச்சல், அவ்வப்போது ஒரு சிலிர்ப்பு, தரையில் எச்சம் விழும் சத்தம். ஒரு பணியாளர் அதைத் துடைப்பதற்கென்றே நடந்துகொண்டிருக்கிறார்.

தொப்பியைக் கழற்றினால் கதை வேறு. வல்லூறு கண்ணால் வாழும் பறவை. கண்ணில் படுவதற்கெல்லாம் மிரளும், பாயும். கண்ணில் படாததைப் பற்றிக் கவலையே படாது. பக்கத்தில் நிற்பது தன்னைக் கொல்லக்கூடிய இன்னொரு வல்லூறு என்பதும் அதற்குத் தெரியாது. இந்தத் தொப்பியை இங்கே 'புர்கா' என்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் வேட்டைப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், தொப்பி போடும் பழக்கத்தைக் கீழ்த்திசை மக்களிடமிருந்து கற்றதாக எழுதியிருக்கிறார். இந்தக் கட்டடத்தில் உள்ள கருவிகளிலேயே பழையது அதுதான். மின்சாரம் கேட்பதில்லை, பழுதாவதும் இல்லை.

மருத்துவமனை விமான நிலையத்துக்கு அப்பால், ஸ்வைஹான் சாலைப் பக்கம், மணல்வெளியில் இருக்கிறது. நகரத்திலிருந்து டாக்சியில் முக்கால் மணி நேரம். துபாயில் 1983 முதலே வல்லூறுகளுக்கென்று ஒரு மருத்துவமனை உண்டு. அபுதாபியில் இது 1999 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 11,000 வல்லூறுகளுக்கு மேல் இங்கே வந்துபோவதாகச் சொல்கிறார்கள். 2001 முதல் நீண்ட காலம் இதற்குத் தலைமை ஏற்று வளர்த்தவர் மார்கிட் கேப்ரியேல் முல்லர் என்ற ஜெர்மானியப் பெண் மருத்துவர். பாலைவனத்து ஆண்கள் தங்கள் பறவையை ஓர் ஐரோப்பியப் பெண்ணிடம் நம்பி ஒப்படைக்கும் நிலைக்கு வந்தது சாதாரணக் காரியமில்லை. முன்பதிவு செய்துகொண்டால் வெளியூர்க்காரர்களையும் உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். அபுதாபிக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் பெரிய மசூதியைப் பார்த்த கையோடு இதற்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவது அப்படித்தான்.

நான் போனது அக்டோபரில். வேட்டைப் பருவம் தொடங்கப்போகிற நேரம், கூட்டம் அதிகம். வாசலில் லேண்ட் குரூசர்கள் வந்து நின்றபடி இருந்தன. ஒன்றில் பின்னிருக்கை முழுவதும் பறவைகளுக்கே விடப்பட்டிருந்தது.

கால்நடை மருத்துவமனை என்றால் எனக்குப் பழக்கமான படம் வேறு: வேப்பமரத்தடி, மாட்டை நிறுத்திக் கட்டும் இரும்புச் சட்டம், பினாயில் வாடை, கையில் முழங்கை வரை உறை போட்டுக்கொண்ட டாக்டர். அங்கே நோயாளியின் எடை முந்நூறு கிலோவுக்குக் குறையாது. இங்கே ஒரு கிலோ. அதனால் எல்லாம் சுருங்கியிருக்கும் என்றுதான் நினைத்துப் போனேன். சுருங்கித்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே சுற்றி வரும்போது கவனத்தைப் பிடித்தது அளவு அல்ல, காரணம். இந்தக் கருவி இங்கே ஏன் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், பாதிக்கு மேற்பட்ட பதில்கள் பறவையை விட்டுவிட்டு அதை வளர்க்கும் மனிதரிடம் போய் முடிகின்றன.

முதல் கருவி தராசு. தட்டுக்குப் பதிலாக ஒரு தாங்கி, கீழே கிராம் கணக்கில் எண் காட்டும் திரை. பெண் பெரிக்ரின் வல்லூறு ஒரு கிலோவை ஒட்டி இருக்கும்; பெண் கிர் வல்லூறு ஒன்றரைக் கிலோவையும் தாண்டும்; ஆண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறியவை. வேட்டைக்காரர்கள் பெண்ணைத்தான் விரும்புவார்கள். நோய் வந்தால் வல்லூறு காட்டிக்கொள்ளாது. காட்டில் தளர்ந்து உட்கார்ந்த பறவையை வேறொன்று தின்றுவிடும் என்பதால், கடைசி நாள் வரை நிமிர்ந்தே நிற்கும். அதன் உடம்பு பேசும் ஒரே உண்மை எடைதான். ஐம்பது கிராம் குறைந்தால் உரிமையாளருக்குத் தூக்கம் போய்விடும். அந்த ஐம்பது கிராமைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடும் கிழவர்கள் இன்னும் இருக்கிறார்களாம்.

பரிசோதனை அறையில் ஒரு மலையாள உதவியாளர் இருந்தார். மலப்புரத்துக்காரர். நான் தமிழ் என்று தெரிந்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டார். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கால் விரிஞ்சா கையைப் பிடிச்சுக்கும், பின்னே விடாது" என்றார். அவர் பின்பக்கமாக வந்து இரண்டு தோளையும் ஒரு துணியோடு சேர்த்துப் பிடித்து, பறவையை மேசையில் படுக்க வைத்தது ஒரே அசைவு. அடுத்த நொடி தொப்பி கழன்றது. கறுப்புக் கண்ணொன்று எங்களை அளந்து பார்த்து முடிப்பதற்குள் தலை ஒரு முகமூடிக்குள் போய்விட்டது. குழாய் வழியாக ஆக்சிஜனும் ஐசோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவும் வந்தன. ஒரு நிமிடம் ஆகியிருக்கலாம், விரல்கள் தளர்ந்தன.

"இறுக்கிப் பிடிக்கலையே?" என்று கேட்டேன். அந்தப் பிடி அவ்வளவு மென்மையாக இருந்தது.

"இறுக்கினா செத்துப்போகும் சார்."

பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று போய் வரும். மூக்கையும் வாயையும் தொடவே வேண்டாம், நெஞ்சை அழுத்திப் பிடித்தாலே மூச்சு முட்டிவிடும். நுரையீரலும் நம்முடையதைப் போல உப்பிச் சுருங்குவதில்லை. உடம்புக்குள் பரவியிருக்கும் காற்றுப் பைகள் துருத்திபோல் இயங்கி, நுரையீரல் வழியே ஒரே திசையில் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அங்கே புதுக்காற்றுதான். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்துப் பாயும் உடம்புக்கு அப்படி ஓர் ஏற்பாடு வேண்டியிருக்கிறது. மயக்க வாயு இவ்வளவு சீக்கிரம் ஏறுவதற்கும், நிறுத்திய சில நிமிடங்களில் இறங்குவதற்கும் அதே ஏற்பாடுதான் காரணம். தொண்டையில் குழாய் விடுவதிலும் ஒரு நுட்பம். நம் மூச்சுக்குழலின் குருத்தெலும்பு வளையம் பின்பக்கம் திறந்தது, கொஞ்சம் விரிந்துகொடுக்கும். பறவைக்கு முழு வட்டம். மனிதருக்குச் செய்வதுபோல் குழாயின் நுனியில் உள்ள சிறு பலூனை ஊதினால் உள்சதை நசுங்கிவிடும். ஆகவே பலூன் இல்லாத குழாய். மூச்சுக்குழல் முழுக்க அடைத்துக்கொண்டாலும் வழியிருக்கிறது: விலாவுக்குப் பின்னால் சிறு துளையிட்டு ஒரு குழாயைக் காற்றுப்பைக்குள் செருகிவிடுகிறார்கள். அப்புறம் வல்லூறு இடுப்போரமாக மூச்சுவிடும்.

அன்றைக்கு அந்தப் பறவைக்கு இவ்வளவெல்லாம் தேவைப்படவில்லை. நகமும் அலகும் வெட்ட வந்தது. உதவியாளர் முதலில் ஒரு வெட்டியால் நகநுனியை எடுத்தார், பிறகு பல் மருத்துவர் கையில் இருப்பதைப் போன்ற ஒரு சுழல் அரத்தால் மெதுவாக ராவினார். கொம்பு கருகும் வாடை வந்தது. ரத்தம் துளிர்த்த ஒரு விரலில் பொடி வைத்து அழுத்தினார். அலகுக்குக் கூடுதல் கவனம். வல்லூறின் மேல் அலகில், நுனிக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பக்கமும் ஒரு பல்போன்ற கூர்மை உண்டு. பிடித்த இரையின் கழுத்தெலும்பை அதை வைத்துத்தான் துண்டிக்கும். தேய்க்கும்போது அது மழுங்கிவிட்டால் பறவையின் தொழிலே போச்சு. தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்து, அந்தப் பல்லை இரண்டு பக்கமும் ஒரே அளவில் எழுப்பினார். பொற்கொல்லர் வேலை.

காட்டில் இருந்தால் இந்த வேலைக்கே இடமில்லை. பாறையில் உட்கார்ந்து, எலும்பைக் கடித்து, அலகும் நகமும் தாமாகத் தேய்ந்துகொள்ளும். இங்கே மெத்தென்ற தாங்கி, நறுக்கிக் கொடுத்த காடை இறைச்சி. வளர்கிறது.

அறையின் ஒரு பக்கம் இழுப்பறைகள் அடுக்கிய அலமாரி. ஒன்றை இழுத்துக் காட்டினார்கள். முழுக்க இறகுகள், இனம்வாரியாக, சிறகு வேறு வால் வேறு என்று பிரித்து வைத்தவை. எல்லாம் கோடையில் பறவைகள் தாமாக உதிர்த்தவை, பொறுக்கிச் சேர்த்தது. இவை மாற்று உறுப்புகள். வல்லூறின் ஒவ்வொரு சிறகிலும் பத்து முதன்மை இறகுகள், வாலில் பன்னிரண்டு. அதில் ஒன்று ஒடிந்தால் அடுத்த இறகுதிர் காலம் வரை புதிது முளைக்காது. ஒடிந்த இடத்தில் பக்கத்து இறகுக்குத் தாங்கல் போய்விடுவதால் அதுவும் ஒடியும், அப்புறம் அடுத்தது. பருவத் தொடக்கத்தில் இரண்டு இறகு போனால் அந்த ஆண்டு வேட்டையே போனதாக அர்த்தம்.

ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மயங்கிக் கிடந்த ஒரு சாம்பல் பறவையின் வலது சிறகு விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் கீழே வெள்ளைக் காகிதம். ஒடிந்த இறகின் தண்டை, தோலிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு நேராக நறுக்கினார்கள். இறகுத் தண்டு உள்ளே கூடு; உயிரில்லாத பாகம், வலி தெரியாது. இழுப்பறையிலிருந்து அதே இனம், அதே வரிசை எண், அதே பக்கத்து இறகு. இடது சிறகின் இணை இறகோடு வைத்து நீளம் பார்த்தார்கள், குறைத்தார்கள். நடுவில் ஒரு மெல்லிய மூங்கில் ஊசி. பாதி பழைய தண்டுக்குள், பாதி புது இறகுக்குள், ஒரு சொட்டுப் பசை. ஒட்டு உலரும்வரை இறகு திரும்பிவிடாமல் மருத்துவர் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் முழுவதும் அவர் பேசவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. கோணம் ஒரு நூல் பிசகினால் காற்று அந்த இடத்தில் கிழியும், பறவை ஒருபக்கம் இழுத்துக்கொண்டு பறக்கும். மூங்கிலுக்குப் பதிலாக உலோகக் கம்பியும் கார்பன் இழையும் வந்திருக்கின்றன, பசை மாறியிருக்கிறது. வேலை பல நூற்றாண்டுப் பழசு.

எக்ஸ்ரே அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இயந்திரம் நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் இருப்பதுதான். பறவையை மல்லாக்கக் கிடத்தி, சிறகுகளை விரித்து ஒட்டி, ஒரே படத்தில் முழு உடம்பும். உரிமையாளர்கள் திரையில் முதலில் தேடுவது எலும்பு முறிவை. மருத்துவர் தேடுவது வயிற்றில் மணிபோல் ஒளிரும் வெண்புள்ளியை. துப்பாக்கிக் குண்டுபட்ட இரையைத் தின்ற பறவைக்குள் அந்த ஈயச் சில்லு போய்த் தங்கிவிடும். வயிற்று அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் ஏறும். கால் துவளும், எச்சம் பச்சையாகும். ஒரு துளி ரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சொல்லும் கையடக்கக் கருவி இருக்கிறது. ஈயத்தைப் பிடித்து வெளியேற்ற ஊசி மருந்தும் உண்டு. சுட்டது மனிதன், தின்றது பறவை.

எண்டோஸ்கோப்பி அறைதான் எனக்குப் பெரிய வியப்பு. மனிதர் வயிற்றில் துளையிட்டுக் கேமரா விடுவதானால் முதலில் உள்ளே கரியமில வாயுவை ஏற்றி இடம் உண்டாக்க வேண்டும். பறவைக்கு அது தேவையே இல்லை. காற்றுப்பைகள் ஏற்கெனவே இடம் விட்டு வைத்திருக்கின்றன. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள ஒரு குச்சி. இடது விலாவுக்குப் பின்னால் இறகுகளை ஒதுக்கி, சிறு கீறல். திரையில் சட்டென்று ஒரு வெளிச்ச அறை விரிகிறது. கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய சுவர்கள், அதற்கு அப்பால் கல்லீரலின் ஓரம், சிறுநீரகம், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் நிழல். உயிரோடிருக்கும் ஓர் உடம்பை இவ்வளவு பளிச்சென்று நான் பார்த்ததில்லை.

அந்தப் பறவையின் சுவர்கள் சுத்தமாக இருந்தன. சுத்தமில்லாததன் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள்: ஊறுகாய்ப் பரணியை மூட மறந்தால் மேலே படர்வதுபோல, காற்றுப்பை முழுக்கச் சாம்பல்பச்சைப் பூஞ்சை. ஆஸ்பர்ஜில்லஸ். தூசியிலும் மட்கிய இலையிலும் எங்கும் இருக்கும் பூஞ்சைதான். நாமும் தினமும் சுவாசிக்கிறோம். இந்தப் பறவைகளில் அதற்கு முதல் பலி கிர் வல்லூறு. வட துருவத்தை ஒட்டிய பனிப் பாறைகளில் பிறந்த இனம். அந்தக் குளிர்க்காற்றில் பூஞ்சை வித்துகள் குறைவு. உலகத்திலேயே பெரிய வல்லூறு, அதிலும் வெள்ளை நிறம் என்றால் வளைகுடாவில் அதற்குக் கிராக்கி சொல்லி மாளாது. ஆகவே பண்ணைகளில் பொரித்து வளர்த்து இங்கே கொண்டுவருகிறார்கள். 45 டிகிரி வெயிலும் தூசியும் உள்ள நாட்டில், துருவத்துப் பறவைக்குப் பூஞ்சை நோய் வருகிறது. அதைக் கண்டுபிடிக்க மூன்று மில்லிமீட்டர் கேமரா. அதைக் கொல்ல மனிதருக்கான வொரிகோனசோல் மருந்து. மருந்தைப் புகையாக்கி மூச்சில் கொடுக்க ஒரு நெபுலைசர், பறவையை உள்ளே விட ஒரு கண்ணாடிப் பெட்டி. சங்கிலி இப்படி நீள்கிறது. முதல் கண்ணி, யாரோ ஒருவருக்கு வெள்ளை நிறம் பிடித்துப்போனது.

இதைச் சற்றுச் சுருக்கி, எங்களுக்கு விளக்கிய வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. பாதம் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்டு, அடுத்த அறைக்கு அழைத்துப் போனார்.

பாதம்தான் இங்கே தினசரிப் பிரச்சினை. காட்டு வல்லூறு பறக்கும், இறங்கும், சரிந்த பாறையில் நிற்கும், மறுபடி பறக்கும். உள்ளங்காலில் ஒரே இடத்தில் எடை தங்காது. வளர்ப்புப் பறவை நாளெல்லாம் ஒரே தாங்கியில் நிற்கிறது; பருவமில்லாத மாதங்களில் தின்று கொழுக்கவும் செய்கிறது. உள்ளங்கால் தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, கிருமி புகுந்து, கெட்டியான சீழ்க்கட்டியாகிறது. நான் பார்த்த பாதத்தின் நடுவில் கறுப்பு வடு, சுற்றிலும் வீக்கம், விரல்கள் மடங்கவில்லை. அறுவை செய்து எடுத்துவிட்டு, நடுவில் ஓட்டை விட்ட நுரைப்பஞ்சுச் செருப்பு கட்டியிருந்தார்கள், எடை காயத்தில் படாமல் ஓரங்களில் தாங்குவதற்கு. மற்றக் காலிலும் கட்டு. அந்தக் காலில் நோயில்லை. ஒரு கால் வலித்தால் பறவை மறு காலில் எடையைப் போடும், பிறகு அதுவும் கெடும். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம்.

காத்திருப்புக் கூடத்துப் பச்சைப் புல்லின் ரகசியம் இதுதான். அழகுக்குப் போட்டதில்லை. அதன் நூற்றுக்கணக்கான முனைகள் எடையைப் பரத்தி வாங்குகின்றன, இடையில் காற்று போகிறது. ஒரு சதுர மீட்டர் செயற்கைப் புல், அறுவை அரங்கத்தைவிட அதிகப் பாதங்களைக் காப்பாற்றியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இதுபோல் மருத்துவர்கள் வழக்கத்தை மாற்றிய இடங்கள் இன்னும் உண்டு. உயிர்ப்புறாவைத் தீனியாகக் கொடுத்தால் புறாவின் தொண்டையில் இருக்கும் டிரைக்கோமோனாஸ் கிருமி வல்லூறுக்கு வந்து, வாய்க்குள் மஞ்சள் பொருக்குக் கட்டும். புறாவை உறைய வைத்துப் பிறகு கொடுத்தால் அது செத்துவிடும். முன்னோர் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்ட நோய்கள் இவை. நம்மூரிலும் மாட்டுக்குச் சூடு போட்ட தலைமுறை மறைந்து அதிக காலம் ஆகவில்லை.

ஆய்வகத்தில் இயந்திரங்கள் ஏராளம். ரத்தத்தில் உப்பு, புரதம், ஈரல் நொதிகள் எல்லாவற்றையும் அவை நிமிடங்களில் சொல்லிவிடும். ஆனால் ஜன்னலோரம் ஒரு பெண் நுண்ணோக்கியில் குனிந்தபடி, இடது கையால் ஓர் எண்ணியைச் சடசடவென்று தட்டிக்கொண்டிருந்தார். ரத்த அணுக்களை எண்ணுகிறாராம். மனித ஆஸ்பத்திரியில் இந்த வேலையை மனிதர் விட்டு வெகுநாள் ஆயிற்று. பறவையின் சிவப்பணு நம்முடையதைப் போல நடு வெறுமையான வட்டம் அல்ல. நீள்வட்டம், உள்ளே உட்கரு. மனித ரத்தத்துக்குச் செய்த இயந்திரம், உட்கரு தெரிந்தால் வெள்ளையணு என்று கணக்கில் சேர்த்துவிடும். அதனால் கண்தான், விரல்தான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிர்ந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும்.

தீவிர சிகிச்சை அறையைக் கண்ணாடி வழியாக மட்டும் காட்டினார்கள். தொற்று நோய்ப் பறவைகளுக்கான தனி அறைகளை அதுவும் இல்லை, சரியான விதி. பிறகு கோடை அறைகள். வல்லூறு ஆண்டுக்கு ஒருமுறை இறகுகளை எல்லாம் உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி இலையுதிர்காலம் வரை. அந்த மாதங்களில் பாலைவனம் கொதிக்கும். பல உரிமையாளர்கள் பறவையை இங்கேயே விட்டுவிட்டு ஐரோப்பாவுக்கோ மலைப்பிரதேசத்துக்கோ போய்விடுகிறார்கள். பறவைகளுக்குப் பெரிய குளிர்சாதன அறைகள். தொப்பியில்லை, வாரில்லை, உள்ளேயே பறக்கலாம். நான் பார்த்தபோது கூட்டம் குறைந்திருந்தது. மிச்சமிருந்த சில பறவைகள் மேல் தாங்கியிலிருந்து எங்களைக் குனிந்து பார்த்தன. தொப்பியில்லாத வல்லூறின் பார்வையில் நின்றால், காத்திருப்புக் கூடத்து அமைதி எவ்வளவு செயற்கை என்று புரிகிறது. கோடை முழுவதும் இத்தனை பெரிய கூடங்களைக் குளிரூட்ட ஆகும் மின்கட்டணத்தை மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பாதியில் விட்டுவிட்டேன்.

வெளியே வரும் வழியில் ஒரு மேசையில் கடவுச்சீட்டுகள். வல்லூறுகளுக்கு. ஐக்கிய அரபு அமீரகம் 2002-இல் தொடங்கிய ஏற்பாடு இது. காட்டில் பிடித்த பறவைகளின் கள்ளவணிகம் பெருகி, அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் நெருக்கடி வந்தபோது கண்ட வழி. பறவையின் கால் வளைய எண்ணையும் தோலுக்கடியில் வைத்த சில்லின் எண்ணையும் சீட்டில் பதிகிறார்கள், மூன்று ஆண்டு செல்லும். மருத்துவமனையில் சில்லைப் படிக்கும் கருவியைப் பறவையின் மேல் காட்டினால் எண் திரையில் வரும். அதையும் சீட்டையும் ஒப்பிடுகிறார்கள். சீட்டு இருந்தால் விமானத்தில் உரிமையாளருக்குப் பக்கத்து இருக்கையில்கூடப் போகலாம். அபுதாபியின் எத்திஹாட் விமானங்களில் அதற்கு அனுமதி உண்டு. 2017 தொடக்கத்தில், ஒரு விமானத்தின் நடு வரிசைகளில் ஏறத்தாழ எண்பது வல்லூறுகள் தொப்பியோடு அமர்ந்திருந்த படம் உலகைச் சுற்றி வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். எல்லோரும் சிரித்தார்கள். இங்கே யாருக்கும் அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

எங்கே போகின்றன? பெரும்பாலும் ஹௌபாரா என்னும் பறவையைத் தேடி. நம் கானமயிலுக்கு உறவு. அமீரகத்துக்குள் அதை இஷ்டம்போல் வேட்டையாட முடியாது. ஆகவே பாகிஸ்தான், மொராக்கோ, மத்திய ஆசியா. அமீரகத்தை நிறுவிய ஷேக் சாயித் 1976-இல் அபுதாபியில் வல்லூறு வேட்டையாளர்களின் பன்னாட்டு மாநாட்டைக் கூட்டியவர். 1995 முதல் அவர் பெயரில் ஆண்டுதோறும் வல்லூறுகளைக் காட்டுக்கே திருப்பிவிடும் திட்டமும் நடக்கிறது. அந்தப் பறவைகளுக்கு இந்த மருத்துவமனைதான் உடற்தகுதி பார்த்து அனுப்புகிறது. காட்டிலிருந்து எடுத்ததைக் காட்டுக்குக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஹௌபாராவின் தரப்பில் நின்று பார்த்தால் கணக்கு அவ்வளவு சுலபமாகத் தீராது.

திரும்பும்போது கிடைத்த டாக்சிக்காரர் பாகிஸ்தானியர், தெற்குப் பஞ்சாபில் ரஹீம் யார் கான் ஊர். வல்லூறு மருத்துவமனை என்றதும் பேச்சுப் பிடித்துக்கொண்டது. அவர் ஊர்ப்பக்கத்துச் சோலிஸ்தான் பாலைவனத்துக்குத்தான் குளிர்காலந்தோறும் அரபு வேட்டைக் குழுக்கள் வருகின்றன. ஷேக் சாயித் காலத்திலிருந்தே வழக்கம். பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் ஹௌபாரா வேட்டைக்குத் தடை போட்டதையும், 2016 ஜனவரியில் அந்தத் தீர்ப்பு விலக்கிக்கொள்ளப்பட்டதையும் அவர் தேதியோடு சொன்னார். மாமா ஒருவருக்கு முகாமில் காவல் வேலை. அந்த ஒரு குளிர்காலம் மட்டும் சம்பளம் நின்றுபோனதாம்.

"எங்க ஊர் ஏர்போர்ட்டுக்கே ஷேக் சாயித் பேர்தான், பாய்சாப். பெரிய ஆஸ்பத்திரிக்கும் அவர் பேர். என் பிள்ளைங்க பிறந்ததே அங்கேதான்."

"அது மனுஷங்களுக்கான ஆஸ்பத்திரியா?"

"மனுஷங்களுக்குத்தான்" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாஸ் (வல்லூறு) வந்தது, பின்னாலே ரோடு வந்தது, ஆஸ்பத்திரி வந்தது."

இந்தக் குளிர்காலமும் வருவார்களா என்று கேட்டேன். அது ஹௌபாரா வருவதைப் பொறுத்தது என்றார். சென்ற ஆண்டு குறைவாகத்தான் வந்ததாம்.